குழாயடியில் ஒரு வாளி

1991ஆம் ஆண்டில் மலாக்கா மாநிலம் தண்ணீருக்குத் தவித்ததை அக்காலத்தில் இங்கு வாழ்ந்தவர் எவரும் மறந்திருக்க மாட்டார். துரியான் துங்கல் நீர்த்தேக்கம் வறண்டு போயிற்று. பத்து பெரண்டாமிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத அந்த ஏரியை, நீர் நிறைந்த நிலையிலேயே பார்த்துப் பழகிய நான், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தபோது மிதிவண்டியில் போய்ப் பார்த்தேன். சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. என்றோ மூழ்கிப்போன மரங்களின் அடிக்கட்டைகள் கறுத்து நின்றன. இத்தனை காலம் நீருக்கடியில் இவை இப்படியேதான் இருந்தன போலும் என்று எண்ணிக்கொண்டு திரும்பினேன்.

அப்பொழுது நாங்கள் தோட்டத்தை விட்டு வந்து பத்து பெரண்டாமில் வாடகை வீட்டில் குடியிருந்தோம். தந்தையார் தொழிற்பேட்டையில் காவலாளி. தாயார் ஒரு தொழிற்சாலைச் சிற்றுண்டிச்சாலையில் பாத்திரம் கழுவினார். குழாயில் நீர் வருவது அரிதாகி, லாரியில் கொண்டுவரும் தண்ணீருக்கு வாளிகளை வரிசையாக வைத்துவிட்டு நிழலில் காத்திருப்போம். ஆனால் இன்றுவரை என் கண்ணில் நிற்பது அந்த வரிசையன்று. ஒவ்வோர் இரவும், செபமாலை சொல்லி முடித்துப் படுக்கப் போகுமுன், தாயார் சமையற்கட்டுக் குழாயைத் திறந்து, அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டுப் படுப்பார். குழாயிலிருந்து ஒரு சொட்டும் வராது. எப்போதாவது ‘உஸ்’ஸென்று காற்று மட்டும் வரும்.

“வராத தண்ணீருக்கு ஏன் அம்மா குழாயைத் திறந்து வைக்கிறீர்கள்? மூடிவிடுங்களேன்” என்றேன் ஒருநாள், பயிற்சிக் கல்லூரி மாணவனுக்குரிய மிடுக்கோடு.

“மூடி வைத்தால், வந்தாலும் நமக்குத் தெரியாதே, தம்பி” என்றார் அவர். அவருக்கு அது பெரிய தத்துவமன்று. வீட்டு வேலையில் ஒன்று. ஒருநாள் பின்னிரவில் வாளியில் நீர் விழும் ஓசை கேட்டு முதலில் எழுந்தவரும் அவரே. வந்த நீர் தேநீர் நிறத்தில் கலங்கலாக இருந்தது. அதைத் தெளியவைத்து, துணியில் வடிகட்டிக் காலையில் உலை வைத்தார்.

இந்தப் பழைய நிகழ்ச்சியை நான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நினைத்துப் பார்த்ததில்லை. வேறொரு வறட்சி வந்தபோதுதான் நினைவுக்கு வந்தது. அதைப் பற்றியே இக்கட்டுரையில் எழுத விழைகின்றேன். எழுதலாமா என்று நெடுநாள் தயங்கினேன். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியன் தன் சமய வாழ்வின் வெறுமையைச் சக ஆசிரியர்களும் மாணவர்களும் படிக்கும் தொகுப்பில் எழுதுவது முறையா என்னும் தயக்கம் அது. அன்றியும், கிறிஸ்தவர்களாகிய எங்களிடையே ‘சாட்சி சொல்லுதல்’ என்று ஒரு வழக்கம் உண்டு. நோய் நீங்கியது, வேலை கிடைத்தது, குடிப்பழக்கம் ஒழிந்தது என்று எழுந்து நின்று கூறுவார்கள். அவை மெய்யாகவும் இருக்கலாம். ஆனால், “பத்தாண்டுகளாகச் செபிக்கின்றேன், ஒன்றும் உணரவில்லை, ஆயினும் வந்துகொண்டிருக்கின்றேன்” என்று எழுந்து நின்று சாட்சி கூறியவரை நான் இதுவரை கண்டதில்லை.

எனக்கு அது 2013ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் தொடங்கியது என்று தோராயமாகச் சொல்லலாம். அதற்கு ஈராண்டுகளுக்கு முன் தாயார் காலமாகிவிட்டார். ஆனால் காரணம் அதுவன்று. துக்கத்தின்போது நான் நன்றாகவே செபித்தேன், அழுதுகொண்டு செபித்தேன். அழுகை நின்று, வாழ்க்கை சீராகி, பதவி உயர்வும் பெற்று, எல்லாம் நலமாக இருந்த ஒரு காலத்தில்தான் ஒன்று நின்று போயிற்று. ஓடிக்கொண்டிருக்கும் மின்விசிறி நின்றபிறகே, இதுவரை ஓர் ஓசை இருந்தது என்று தெரிய வருமல்லவா? அதுபோல் இருந்தது. சிறுவயது முதல் செபிக்கும்போது எதிரில் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்னும் உணர்வு எனக்கு இயல்பாக இருந்தது. அது பெரிய அருட்காட்சி ஒன்றும் இல்லை. பக்கத்து அறையில் தந்தையார் இருக்கிறார் என்னும் உணர்வு பிள்ளைக்கு இருப்பது போன்றது. அந்த அறை காலியாயிற்று.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். எனக்குக் கொள்கையில் ஐயம் எழவில்லை. கடவுள் இல்லை என்று வாதிடும் நூல்களை நான் படித்துக் குழம்பவுமில்லை. விசுவாச அறிக்கையின் ஒவ்வொரு வரியையும் உண்மை என்றே ஏற்றேன், மலாயாவின் வரலாற்றை உண்மை என்று ஏற்பது போல. அதில்தான் வேதனையே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குச் செபத்தின் சிறப்பை விளக்குவேன். திருப்பலியில் முதல் வாசகத்தைக் குரலில் ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பேன். “நன்றாக வாசித்தீர்கள், வாத்தியாரே” என்று பாராட்டுவார்கள். வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்க்கக் கூசும். உண்ணாத உணவைப் பிறருக்குச் சுவையாக வருணிக்கும் விளம்பரக்காரனாக ஆகிவிட்டேனோ என்று தோன்றும்.

செய்து பார்த்த வைத்தியங்கள் சில. ஒரு நண்பர் வற்புறுத்தியதால் வார இறுதி எழுப்புதல் கூட்டமொன்றிற்குச் சென்றேன். இசையும் கைதட்டலும் கண்ணீருமாக இருந்தது. குறை சொல்லவில்லை, அங்கு மெய்யாகவே ஆறுதல் பெற்றவர்களை நான் அறிவேன். எனக்கும் ஏதோ பொங்கிற்று. இரண்டு வாரம் இருந்தது. பிறகு முன்னைவிட வறண்டேன். அப்பொழுதுதான் தோட்டத்தில் பிறந்த எனக்கு ‘மருந்து பூசுதல்’ நினைவுக்கு வந்தது. பால் மிகுதியாக வடிவதற்கென எத்திபோன் என்னும் மருந்தை வெட்டுப்பட்டையில் பூசும் வழக்கம் 1970களில் தோட்டங்களில் பரவியது. அம்மருந்து மரத்தினுள் எத்திலீன் வாயுவை வெளிவிட்டு, பால் சீக்கிரம் உறைந்து நின்றுவிடாமல் செய்யும். மங்கு நிறையும். ஆனால் அளவு மிஞ்சிப் பூசினாலும், ஓய்வின்றி அடிக்கடி வெட்டினாலும், மரம் ஒருநாள் பால் தருவதையே நிறுத்திவிடும். பட்டை வறட்சி என்பர். உளி படும், வெட்டில் பால் கசியாது, உட்பட்டை பழுப்பேறிக் கிடக்கும். அதற்கு நிச்சயமான மருந்து இன்றுவரை இல்லை. வெட்டாமல் ஓய்வாக விட்டுப் பார்ப்பார்கள். சில மரங்கள் தேறும், சில தேறா. இதற்கு மாறாக, ஆண்டுத் தொடக்கத்தில் மரங்கள் இலையுதிர்க்கும்போதும் பால் குறையும். அது நோயன்று, தளிர் விட்டதும் சரியாகிவிடும். அந்த இலையுதிர் காலமும் எங்கள் தவக்காலமும் பெரும்பாலும் ஒன்றாகவே வரும் என்பது தோட்டத்துக் கிறிஸ்தவர்கள் அறிந்தது. என்னுடையது இலையுதிர்வா, பட்டை வறட்சியா என்பது எனக்கு விளங்கவில்லை.

என் துணைவியார் என்னைக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றார். மனச்சோர்வு நோயாக இருக்குமோ என்று அவருக்கு அச்சம். மருத்துவர் இரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்து, உறக்கம், பசி, பணியில் நாட்டம் பற்றியெல்லாம் கேட்டுவிட்டு, அந்நோய் இல்லை என்றார். நான் நன்றாக உறங்கினேன், சிரித்தேன், பள்ளிப் பணியில் ஊக்கத்தோடு இருந்தேன். ஆன்மிக வறட்சி வேறு, மனச்சோர்வு வேறு என்பதை ஆசிரியர்கள் அறிந்திருத்தல் நலம். நோயுற்றவரிடம் “நன்றாகச் செபியுங்கள், சரியாகிவிடும்” என்று சொல்லி அனுப்பிவிடுவது பெருந்தவறு. அத்தவற்றை நானே ஒருமுறை ஓர் இளம் ஆசிரியரிடம் செய்திருக்கின்றேன். நல்லவேளையாக அவர் என் சொல்லைக் கேளாமல் மருத்துவரிடம் போனார்.

இனி, எனக்குத் துணை நின்ற ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரை நான் நேரில் கண்டதில்லை. கல்கத்தாவின் அன்னை தெரேசா அவர்.

அன்னை 1997ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் மறைந்தார். பத்தாண்டுகள் கழித்து, 2007இல், அவருடைய அந்தரங்கக் கடிதங்கள் நூலாக வெளிவந்தன. அவருக்குப் புனிதர் பட்டம் வழங்குவதற்கான ஆய்வை நடத்திய பிரையன் கொலோடியேசுக் என்னும் குருவே அதைத் தொகுத்தார். உலகமே அதிர்ந்தது. ஏனெனில், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அன்னை தம் உள்ளத்தில் கடவுளின் பிரசன்னத்தை உணரவேயில்லை என்பதை அக்கடிதங்கள் காட்டின. 1946ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் டார்ஜிலிங் செல்லும் தொடர்வண்டியில் அவருக்கு ஓர் அழைப்பு உண்டாயிற்று: மடத்தை விட்டு வெளியேறி, ஏழைகளிலும் ஏழைகளோடு வாழ்ந்து பணிசெய்ய வேண்டும் என்று. தொடர்ந்து சில காலம் இறையுறவின் இனிமை நிறைந்திருந்தது. அவர் துணிந்து தெருவில் இறங்கிப் பணியைத் தொடங்கிய காலத்தை ஒட்டி, 1949, 1950 அளவில், அந்த இனிமை நின்றுவிட்டது. 1958ஆம் ஆண்டு அக்டோபரில் சில வாரங்கள் மட்டும் திரும்பி வந்தது. அதன்பின் மீண்டும் இருள். 1979இல் நோபல் பரிசு பெற்றபோதும் அவருடைய நிலை அதுவே. அந்தப் புன்னகையை நாம் எல்லோரும் படத்தில் பார்த்திருக்கின்றோம்.

கடிதங்களை அழித்துவிடுமாறு அவர் தம் ஆன்ம குருக்களைக் கெஞ்சிக் கேட்டிருந்தார். அவர்கள் அழிக்கவில்லை. இது சரியா தவறா என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. ஒருவர் மறைக்க விரும்பியதை வெளியிடுவது நாகரிகமன்று என்பதே என் இயல்பான எண்ணம். ஆயினும் அவர்கள் அழித்திருந்தால் என் போன்றவன் என்ன செய்திருப்பான் என்பதையும் எண்ணிப் பார்க்கின்றேன். அன்னை தம் துறவுப் பெயரை யாரிடமிருந்து எடுத்துக்கொண்டாரோ அந்தப் பிரெஞ்சு நாட்டு லிசியே நகரத் தெரேசாவின் வரலாறும் இத்தகையதே. 1896ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருவிழாக் காலம் முதல், 1897 செப்டம்பர் 30இல் தம் 24ஆம் வயதில் இறக்கும்வரை, மறுவாழ்வு என்று ஒன்று உண்டா என்னும் இருளிலேயே அவர் கிடந்தார். அவருடைய குறிப்புகளை முதன்முதல் அச்சிட்டபோது உடன்பிறந்த சகோதரிகள் பல இடங்களில் திருத்தி மெருகிட்டார்கள். மூலம் உள்ளபடி வெளிவர 1956 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. புனிதர்களை நமக்காக இனிப்பாக்கித் தருவதில் எத்தனை பேருக்கு எத்தனை அவசரம்!

2007இல் அச்செய்தி நாளேடுகளில் வந்தபோது நான் உதவி ஆசிரியனாக இருந்தேன். ஆசிரியர் அறையில் பேச்சு எழுந்தது. “பார்த்தீர்களா, அந்த அம்மையாருக்கே நம்பிக்கை இல்லையாம்” என்றார் ஒருவர், சற்றே கேலியாக. கிறிஸ்தவனான எனக்கு மறுமொழி தோன்றவில்லை. மூத்த தமிழாசிரியர் ஒருவர், திருநீறு துலங்கும் நெற்றியர், விடைத்தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே கூறினார்: “மணிவாசகர் நீத்தல் விண்ணப்பம் பாடினாரே, அவருக்கும் நம்பிக்கை இல்லையா என்ன? காணாதவன் தேடமாட்டான் ஐயா. கண்டு இழந்தவன்தான் இப்படித் தவிப்பான்.”

அறை அமைதியாயிற்று. அன்று அதை ஒரு நல்ல விடை என்று மட்டும் ரசித்தேன். ஆறாண்டு கழித்து அதுவே எனக்குத் தேவைப்பட்டது. திருவாசகத்தை மீண்டும் எடுத்தேன். நீத்தல் விண்ணப்பம் ஐம்பது பாடல்கள். தன்னைக் கைவிட்டுவிட வேண்டாம் என்னும் வேண்டுகோளே பாட்டுக்குப் பாட்டு மீண்டும் வருகின்றது. திருப்பெருந்துறையில் குருவாக வந்து ஆட்கொண்டவன் மறைந்துவிட்டான். உடன் வந்தோரை அழைத்துக்கொண்டு இவரை மட்டும் விட்டுவிட்டான் என்பது வரலாறு. மாணவர்களுக்கு இப்பகுதியை விளக்கும்போது, ‘பக்திச் சுவை’ என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டுப் போயிருக்கின்றேன். சுவையா அது? ஐம்பது முறை ஒருவன் ‘விட்டுவிடாதே’ என்று சொல்கின்றான் என்றால், விட்டுவிட்டதாகவே ஐம்பது முறை உணர்ந்திருக்கின்றான் என்றல்லவா பொருள்! ஜி.யு. போப் அவர்கள் தம் 80ஆம் வயதில், 1900ஆம் ஆண்டில், திருவாசகத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார். கிறிஸ்தவக் குரு ஒருவர் முதுமையின் உழைப்பையெல்லாம் ஒரு சைவ நூலுக்குக் கொடுத்தது ஏன் என்று முன்பெல்லாம் வியப்பேன். இப்போது அந்த வியப்பு இல்லை.

எங்கள் திருமறையிலும் இதற்கு இடமுண்டு. திருப்பாடல்களுள் 88ஆம் பாடல் தொடக்கம் முதல் இறுதிவரை முறையீடாகவே இருந்து, இருள் என்னும் சொல்லோடு முடிந்துவிடுகின்றது. பிற புலம்பற் பாடல்கள் பெரும்பாலும் இறுதியில் ஒரு நன்றிக்குத் திரும்பும், இது திரும்புவதில்லை. அப்படியே தொகுத்து வைத்தவர்களின் துணிவைப் போற்றுகின்றேன். மெருகிடும் சகோதரிகள் அவர்களுக்கு இல்லை போலும்.

அன்னையின் கடிதங்களில் என்னை நிறுத்தியது ஒரு செய்தி. 1961ஆம் ஆண்டளவில் அவர் தம் நிலையை யோசப் நாய்னர் என்னும் ஆஸ்திரிய நாட்டு இயேசு சபைக் குருவிடம் விளக்கினார். அவர் தந்த அறிவுரையின் சாரம் மூன்று. இதற்கு மனித மருந்து எதுவும் இல்லை. ஆகவே காரணம் தேடித் தன்னைக் குற்றஞ்சாட்ட வேண்டியதில்லை. உணர்ச்சி ஒன்றே இறைவன் உடனிருப்பதற்குச் சான்றன்று. அவரைத் தேடும் அந்தத் தாகமே அவர் உள்ளத்தின் அடியில் இருப்பதற்கு அடையாளம். இதைக் கேட்டபின் அன்னையின் இருள் நீங்கவில்லை. ஆனால் இருளோடு வாழ்வது எப்படி என்று அவர் அறிந்தார். காலப்போக்கில் அந்த இருளையே நேசிக்கத் தொடங்கியதாக எழுதவும் செய்தார். இந்தக் கடைசிப் படிக்கு நான் வரவில்லை. வருவேன் என்றும் தோன்றவில்லை. வறட்சியை நேசிக்க என்னால் இயலாது, பொறுத்துக்கொள்ளவே இயலுகின்றது. மூன்றாவது அறிவுரையிலும் எனக்கொரு தடை இருந்தது. எனக்குத் தாகம்கூட இல்லாத நாள்கள் இருந்தன.

ஆண்டுதோறும் நான்காம் ஆண்டு மாணவர்களைச் சுற்றுலாவாக மலாக்காவின் புனித பவுல் குன்றுக்கு அழைத்துச் செல்வது எங்கள் பள்ளி வழக்கம். படியேறி மேலே சென்றால், கூரையில்லாத பழைய ஆலயம். 1521இல் போர்த்துகீசியர் கட்டிய சிற்றாலயம் 1548இல் இயேசு சபையாரிடம் வந்தது. உள்ளே கம்பியிட்ட ஒரு வெற்றுக்குழி. புனித பிரான்சிஸ் சவேரியார் 1552 டிசம்பர் 3இல் சீனக் கரைக்கு எதிரேயுள்ள சாங்சுவான் தீவில் இறந்தபின், அவருடைய உடலை 1553இல் இங்கு கொண்டுவந்து சில மாதங்கள் புதைத்து வைத்திருந்தார்கள். பின்னர் கோவாவுக்கு எடுத்துச் சென்றார்கள். வெளியே அவருடைய வெண்சிலை நிற்கின்றது. அவர் மறைந்து 400 ஆண்டு நிறைவதை ஒட்டி 1952இல் வைத்தது. வைத்த சிறிது காலத்திலேயே ஒரு மரம் சாய்ந்து சிலையின் வலக்கை ஒடிந்துபோயிற்று. மெய்யான உடலிலிருந்தும் வலக்கையை 1614இல் பிரித்து ரோமாபுரிக்கு அனுப்பியிருந்தார்கள் என்பதால், இதைப் பற்றி இங்கு பலவிதமாகப் பேசிக்கொள்வார்கள்.

2018ஆம் ஆண்டுச் சுற்றுலாவில் ஒரு சிறுமி கேட்டாள்: “ஐயா, உடைந்த கையை ஏன் யாரும் ஒட்டவில்லை?”

எனக்குத் தெரியவில்லை என்றேன். அவள் விடவில்லை. “அவர் கையில்லாமல் எப்படிச் சாமி கும்பிடுவார்?” அருகில் நின்ற இன்னொருத்தி, “நின்றுகொண்டிருக்கிறாரே, போதாதா?” என்றாள். இருவரும் பனிக்கூழ் விற்பவரைப் பார்த்து ஓடிவிட்டார்கள்.

சவேரியார் தமிழர்களுக்கு அந்நியரல்லர். 1542 முதல் 1544 வரை முத்துக்குளித்துறைப் பரதவ ஊர்களில், தூத்துக்குடி, மணப்பாடு என்று நடந்தவர். கையில் மணியை ஆட்டிக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டி, தமிழாக்கிய செபங்களைத் தட்டுத்தடுமாறிச் சொல்லிக் கொடுத்தவர். அம்மக்களிடம் போர்த்துகீசிய அதிகாரிகள் செய்த கொடுமைகளைக் கண்டு, வாழ்வே சலித்துப்போனதாக மன்சிலாசு என்னும் தம் தோழருக்கு 1544இல் எழுதியிருக்கின்றார். 1545இல் முதன்முதல் மலாக்கா வந்தார். 1552இல் கடைசியாக வந்தபோது, இவ்வூர்த் தளபதி அல்வாரோ, வாஸ்கோ ட காமாவின் மகன், கப்பலின் சுக்கானைக் கைப்பற்றி அவருடைய சீனத் தூதுப் பயணத்தைக் குலைத்தான். ஒருவாறு புறப்பட்டுத் தீவை அடைந்தவர், கேண்டன் நகருக்கு மறைவாக ஏற்றிச் செல்வதாக வாக்களித்த சீன வணிகனின் படகுக்காகக் காத்திருந்தார். படகு வரவில்லை. குளிரிலும் காய்ச்சலிலும் மடிந்தார். ஆனால் இதை ஆன்மிக வறட்சி என்று நான் சொல்ல மாட்டேன். அவருடைய கடிதங்களில் துன்பம் மிகும் இடத்தில் ஆறுதலும் மிகுகின்றது. அவருக்கு வராதது படகு. இறைவனல்லர்.

எனக்கு உதவியது அவருடைய தலைவர் இஞ்ஞாசியார். அவருடைய ஆன்மிகப் பயிற்சிகள் என்னும் நூலைத் திருத்தந்தை ஏற்று அச்சிட்டதும் 1548இல்தான். அதில் வறட்சிக் காலத்துக்கென்று சில விதிகள் உள. அவற்றுள் ஒன்று, வறண்டிருக்கும்போது முன்பு செய்த தீர்மானத்தை மாற்றலாகாது என்பது. போர்வீரராக இருந்தவரல்லவா, இருட்டில் முகாமை மாற்றாதே என்பதுபோல் எழுதிவிட்டார். விதி எளிது. அதையும் நான் மீறப் பார்த்தேன்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. ஆலயங்கள் மூடப்பட்டன. திருப்பலியைத் தொலைபேசித் திரையில் பார்த்தோம். என் துணைவியார் முதல் ஞாயிறன்று கண்கலங்கினார். எனக்கோ, வெட்கத்தோடு எழுதுகின்றேன், ஒரு நிம்மதி உண்டாயிற்று. இனி வாசிக்க வேண்டியதில்லை, போதிக்க வேண்டியதில்லை, நடிக்க வேண்டியதில்லை. அந்த நிம்மதியைக் கண்டே பிறகு அஞ்சினேன். ஆனால் அச்சமும் சில மாதங்களில் பழகிப் போயிற்று. ஆலயங்கள் மறுபடி திறந்தபின்னும், “கூட்டமாக இருக்கும், நீ போய் வா” என்று துணைவியாரிடம் சொல்லிவிட்டு வீட்டிலிருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாதிருப்பதன் பொருளை முப்பது ஆண்டு இல்லறத்தில் நான் கற்றிருக்கின்றேன்.

2022இல் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. ஒரு சனிக்கிழமை மாலை ஒரு மூதாட்டியிடமிருந்து தொலைபேசி வந்தது. எங்கள் பழைய தோட்டத்தில் என் தாயாரோடு பால்வெட்டியவர்; கைம்பெண்; மகன் சிங்கப்பூரில். பெருந்தொற்றுக்கு முன் ஞாயிறுதோறும் அவரை என் காரில் ஏற்றிச் செல்வது வழக்கம்.

“வாத்தியார் தம்பி, நாளைக்கிக் காரு வருமா?”

வராது என்று எப்படிச் சொல்வது? எண்பதை நெருங்கும் மூதாட்டி. வேறு வாகனம் இல்லை. “வரும், பெரியம்மா” என்றேன்.

இப்படித்தான் நான் ஆலயத்துக்குத் திரும்பினேன், ஓட்டுநராக. முதல் சில வாரங்கள் அவரை இறக்கிவிட்டுக் காரிலேயே இருந்தேன். வெயில் தாங்காமல் உள்ளே போய்க் கடைசி வரிசையில் அமர்ந்தேன். மின்விசிறிக்கு அடியில் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகின்றேன். வாசகம் வாசிக்கவில்லை, பாடவில்லை. ஆறு மாதம் அப்படிக் கழிந்தது. ஒருநாள் திரும்பும் வழியில், விமான நிலையத்தைத் தாண்டி வரும்போது, துணிந்து அவரிடம் கேட்டேன்.

“பெரியம்மா, செபம் பண்ணும்போது சாமி உங்களோடு பேசுகிறாரா?”

அவர் என்னை வியப்போடு பார்த்தார். “எங்கிட்ட என்னத்தைப் பேசப்போறாரு? பேசுனதில்லையே.”

“ஒருநாளும் இல்லையா?”

“இல்லப்பா. நான் போயி உக்காந்துட்டு வாரேன். அவரு வீட்டுக்குப் போறோம், அவ்வளவுதான். துரை பேசுனாத்தான் பிரட்டுக்குப் போவோமா?”

சிறிது தொலைவு போனபின், அவராகவே தொடர்ந்தார். “ஒங்க அம்மாளும் நானும் ஒரே நெரைக்குப் பக்கத்து நெரை. எட்டு மரம் வறண்டு போச்சு அதுக்கு. கிராணியாரு வந்து பாத்து விட்டுடச் சொல்ற வரைக்கும் தெனமும் போயி அந்த எட்டையும் பாத்துட்டுத்தான் வரும். பாலு வந்துருக்கான்னு இல்ல. நெரையில நிக்குதே, பாக்காம எப்படிப் போறதுன்னு சொல்லும்.”

என் தாயாரைப் பற்றிய இந்தச் செய்தி எனக்குப் புதிது. வீட்டு வாசலில் அவரை இறக்கிவிட்டபின் சிறிது நேரம் காரை எடுக்காமல் இருந்தேன். அழுகையோ ஆனந்தமோ ஒன்றும் வரவில்லை. சமையற்கட்டில் திறந்து கிடந்த குழாயும், அதன் அடியில் இருந்த வாளியும் நினைவுக்கு வந்தன.

மறு ஆண்டுத் தவக்காலத்தில் பங்குக் குருவானவரிடம் சென்று எல்லாவற்றையும் கூறினேன். இளைஞர், என் மாணவனாக இருக்கத் தக்க வயதினர். அவர் நெடுநேரம் கேட்டுவிட்டு, “மறுபடியும் வாசகம் வாசிக்கிறீர்களா, சார்?” என்றார். “உணராமல் வாசிப்பது வஞ்சகமாகாதா, ஃபாதர்?” என்றேன். “கேட்பவர்கள் உங்கள் உணர்ச்சியைக் கேட்க வருவதில்லையே” என்றார். சுருக்கென்று தைத்தது. தமிழாசிரியனுக்குத் தன் குரல்மீது ஒரு செருக்கு உண்டு. அதில் அவர் கை வைத்துவிட்டார். அடுத்த மாதம் முதல் வாசிக்கின்றேன். ஏற்ற இறக்கம் குறைந்துவிட்டது என்று துணைவியார் சொல்கின்றார்.

மறைக்கல்வி வகுப்பிலும் ஒரு மாறுதல். செபித்தால் மனத்தில் மகிழ்ச்சி உண்டாகும் என்று பிள்ளைகளுக்கு இப்போது நான் உறுதி கூறுவதில்லை. சென்ற ஆண்டு ஒரு பையன், பதினான்கு வயதிருக்கும், வகுப்பு முடிந்ததும் தங்கி நின்று, “சார், எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. எனக்கு விசுவாசம் இல்லையா?” என்று கேட்டான். அவன் தந்தை வேலையிழந்து வீட்டிலிருந்த நேரம் அது. அவனுக்கு அன்னை தெரேசாவின் கடிதங்களைப் பற்றிச் சொன்னேன். என்னைப் பற்றியும் சொன்னேன். “எத்தனை வருடமாக, சார்?” என்றான். கணக்கிட்டுச் சொன்னேன். அவன் விழிகள் விரிந்தன. “அப்புறம் ஏன் வருகிறீர்கள்?”

“நீ ஏன் வருகிறாய்?” என்றேன்.

சிறிது யோசித்தான். “தெரியவில்லை, சார்” என்றான். அடுத்த ஞாயிறும் வந்தான்.

பெரியம்மா இப்போது அதிகமாக நடப்பதில்லை. காரிலிருந்து இறங்கி ஆலயப் படி ஏற என் தோளைப் பற்றிக்கொள்கின்றார். வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே. பிள்ளைகள் வேலைக்காக வெளியூர் சென்றுவிட்டார்கள். இரவு எட்டு மணிக்குச் செபமாலை சொல்கின்றோம். நேற்று நான்காம் மறைபொருளிலேயே துணைவியார் அயர்ந்து தூங்கிவிட்டார். எழுப்பவில்லை. மீதியை நானே சொல்லி முடித்து, விளக்கை அணைத்தேன்.